50 பேரில் இவர் மட்டும் ஃபெயில்... பிறகு இவர் புத்தகத்தைக் கொளுத்த மன்னரே உத்தரவிட்டார்! தெரியுமா?

சட்டத் தத்துவம் என்றதுமே கொட்டாவி வருகிறதா? ஒரு நிமிஷம் பொறுங்கள்! ஸ்பெயினில் பிறந்த பிரான்சிஸ்கோ சுவாரஸ் என்ற பாதிரியாரின் கதையைக் கேளுங்கள், தூக்கம் பறந்துவிடும்! அதிகாரம் முதலில் மக்களுடையது, மன்னர் கையில் இருப்பது மக்கள் கொடுத்தது என்று 400 ஆண்டுகளுக்கு முன்பே பக்கம் பக்கமாக எழுதியவர் இவர். அதுவும் மன்னர்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில்! இவரைப் பற்றிய ஆச்சரியங்கள் ஒன்றா, இரண்டா? வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

படிப்பு ஏறாது என்று திருப்பி அனுப்பினார்கள்!

1564-ம் ஆண்டு, சாலமன்கா நகரம். அந்த வருஷம் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையில் சேர ஏறத்தாழ 50 இளைஞர்கள் மனுப் போட்டார்கள். எல்லாருக்கும் இடம் கிடைத்தது, ஒரே ஒரு பையனைத் தவிர! 16 வயதான அந்தப் பையன்தான் சுவாரஸ். காரணம் என்ன தெரியுமா? உடம்பில் தெம்பு போதாதாம். அதைவிட முக்கியமாக, அறிவும் போதாதாம்!

பையன் விட்டானா?

விடவில்லை! நேராக வல்லடோலிட் நகரத்துக்குப் போய்ச் சபையின் மாநிலத் தலைவரிடமே முறையிட்டான். அங்கே சோதித்துப் பார்த்தவர்களும் கையை விரித்தார்கள். ஆனால் தலைவருக்கு மட்டும் என்ன தோன்றியதோ, சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். அதிலும் ஒரு நிபந்தனை! இவன் குருவாக ஆவானா, மடத்தில் எடுபிடி வேலை பார்க்கும் சகோதரனாகவே இருந்துவிடுவானா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள்!

வகுப்பில் ஒன்றுமே புரியவில்லை!

சேர்ந்த பிறகாவது பையன் பிரகாசித்தானா? அதுவும் இல்லை! தத்துவப் பாடம் தலைக்கு மேலே போனது. என்னைச் சாதாரணச் சகோதரனாகவே வைத்துவிடுங்கள் என்று அவனே கேட்டுக்கொண்டானாம். மார்ட்டின் குட்டியேரஸ் என்ற மூத்த குருதான் தட்டிக்கொடுத்துப் படிக்க வைத்தார். அதன்பின் நடந்ததுதான் அதிசயம்! மடை திறந்த மாதிரி எல்லாம் புரியத் தொடங்கிவிட்டது. 23 வயதில் அதே பையன் செகோவியா நகரத்தில் தத்துவ ஆசிரியர்!

13 வயதில் சட்டப் படிப்பு!

சுவாரஸ் பிறந்தது 1548 ஜனவரி 5 அன்று, அல்ஹம்ப்ரா அரண்மனை நிற்கும் கிரனாடாவில். முஸ்லிம் மன்னர்களிடமிருந்து ஸ்பெயின் அந்த நகரத்தைக் கைப்பற்றி அப்போது 56 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன! அப்பா வக்கீல். வீட்டில் 8 பிள்ளைகள். 1561-ல், 13 வயதிலேயே திருச்சபைச் சட்டம் படிக்கச் சாலமன்கா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். நம் ஊரில் எட்டாம் வகுப்புப் படிக்கிற வயது!

அதே ஊரில் இன்னொரு மேதை!

பன்னாட்டுச் சட்டத்தின் முன்னோடி என்று கொண்டாடப்படும் பிரான்சிஸ்கோ டி விட்டோரியா பாடம் நடத்தியதும் இதே சாலமன்காவில்தான்! அவர் மறைந்தது 1546-ல். சுவாரஸ் பிறந்தது அதற்கு இரண்டே ஆண்டுகள் கழித்து! இன்று ஜெனீவாவில் ஐ.நா. மாளிகையின் கவுன்சில் மண்டபத்துக்கு விட்டோரியாவின் பெயர்தான். அவர் போட்ட பாதையை நெடுஞ்சாலையாக்கியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் நம் சுவாரஸ்!

7 ஊர்களில் வாத்தியார்!

செகோவியா, ஆவிலா, வல்லடோலிட், ரோம், அல்காலா, சாலமன்கா, கடைசியாகப் போர்ச்சுக்கலின் கொயிம்ப்ரா... மூச்சு வாங்குகிறதா? இத்தனை ஊர்களிலும் பாடம் நடத்தியிருக்கிறார்! ரயிலும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது. அதுவும் தெம்பில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட உடம்போடு!

புதுசாகப் பாடம் நடத்தியதற்குப் புகார்!

அந்தக் காலத்து வகுப்பறை எப்படி இருக்கும் தெரியுமா? ஆசிரியர் பழைய நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார், மாணவர்கள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொள்வார்கள். அடுத்த தலைமுறைக்கும் அதே நோட்டு, அதே வரிகள்! சுவாரஸ் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் வேர்வரை தோண்டினார். விளைவு? இவர் வழக்கத்துக்கு மாறாக நடத்துகிறார் என்று மேலிடத்துக்குப் புகார் பறந்தது! 1579-ல் ரோமில் இருந்த சபைத் தலைவருக்கே கடிதம் எழுதித் தன் முறையை நியாயப்படுத்தினார். அடுத்த ஆண்டே என்ன ஆனது? ரோமில் இருந்த சபையின் புகழ்பெற்ற கல்லூரிக்கே பேராசிரியராக அழைத்துக்கொண்டார்கள்!

முதல் வகுப்பில் போப்பாண்டவர்!

ரோமில் அவர் நடத்திய முதல் வகுப்பைக் கேட்க யார் வந்தார் என்று நினைக்கிறீர்கள்? போப் 13-ம் கிரிகோரி! ஆமாம், நாம் இன்று சுவரில் மாட்டியிருக்கும் காலண்டருக்குப் பெயர் தந்த அதே கிரிகோரிதான் வந்து உட்கார்ந்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. ஃபெயில் ஆன பையனின் வகுப்பில் போப்!

நாற்காலி மாற்றிக்கொண்ட இரு மேதைகள்!

1585-ல் ரோமின் காற்று ஒத்துக்கொள்ளாமல் சுவாரஸ் ஸ்பெயினுக்குத் திரும்பினார். அல்காலாவில் அவருக்கு இடம் கிடைத்தது எப்படி? அங்கே இருந்த கேப்ரியல் வாஸ்கஸை ரோமுக்கு அனுப்பினார்கள்! இவர் இடத்தில் அவர், அவர் இடத்தில் இவர்! சில ஆண்டுகளில் வாஸ்கஸ் அல்காலாவுக்கே திரும்பிவிட்டார். இருவரும் ஒரே சபை, இருவருமே மேதைகள். ஒரே ஊரில் ஒத்துப்போகுமா? உரசல்தான்! கடைசியில் சுவாரஸ் சாலமன்காவுக்குக் கிளம்பிவிட்டார்.

முதல் புத்தகம் 42 வயதில்!

இளமையிலேயே எழுதிக் குவித்திருப்பார் என்று நினைத்தீர்களா? இல்லவே இல்லை! முதல் நூல் அச்சேறியது 1590-ல், 42 வயதில்! அதன் பிறகு வாழ்ந்தது 27 ஆண்டுகள். ஆனால் 19-ம் நூற்றாண்டில் பாரிஸில் அவர் எழுத்துகளைத் தொகுத்தபோது எத்தனை தொகுதிகள் வந்தன தெரியுமா? அட்டவணைகளோடு சேர்த்து 28! அத்தனையும் லத்தீனில், தடித்தடிப் புத்தகங்களாக!

ஒரே நூலில் 7,700-க்கும் மேல் மேற்கோள்கள்!

1597-ல் வெளிவந்தது அவருடைய மெய்யியல் விவாதங்கள். மொத்தம் 54 விவாதங்கள், 2 பெரிய தொகுதிகள்! ஆய்வாளர்கள் பொறுமையாக உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள்: 245 ஆசிரியர்களிடமிருந்து 7,700-க்கும் மேற்பட்ட மேற்கோள்கள்! அரிஸ்டாட்டிலை மட்டும் 1,735 முறை! தாமஸ் அக்குவினாஸை 1,008 முறை! கம்ப்யூட்டர் இல்லை, தேடுபொறி இல்லை. எல்லாமே படித்து, நினைவில் வைத்து, கையால் எழுதியது!

இல்லாத பொருளுக்கும் ஒரு விவாதம்!

இருப்பது என்றால் என்ன என்று 53 விவாதங்கள் எழுதிய மனிதர், 54-வது விவாதத்தை எதற்கு ஒதுக்கினார் தெரியுமா? இல்லாதவற்றுக்கு! கதைகளில் வரும் விசித்திர மிருகம் எங்கேயும் இல்லை, ஆனாலும் அதைப் பற்றி நாம் பேசுகிறோமே, எப்படி? பார்வை இல்லாமை என்பது ஒரு பொருளா? இந்தக் கேள்விகளோடுதான் அந்த மாபெரும் நூல் முடிகிறது!

26 ஆண்டு பேராசிரியருக்கு டாக்டர் பட்டம் இல்லை!

1597-ல் மன்னர் இரண்டாம் பிலிப் இவரைக் கொயிம்ப்ராவின் தலைமை இறையியல் பேராசிரியராக்கினார். ஸ்பெயின் மன்னருக்குப் போர்ச்சுக்கலில் என்ன வேலை? அப்போது இரண்டு நாட்டுக்கும் அவரே ராஜா! வேண்டாம் என்று மறுத்துப் பார்த்தார் சுவாரஸ், மன்னர் விடவில்லை. அதற்குள் இன்னொரு சிக்கல்! அந்தப் பதவிக்கு டாக்டர் பட்டம் வேண்டும், இவரிடமோ அது இல்லை! 26 ஆண்டுகள் பாடம் நடத்திய மனிதர் எவோரா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்!

ரோமில் தோற்றார், ரோமே பட்டம் கொடுத்தது!

குருவிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தைக் கடிதம் மூலமாகச் செய்யலாமா? கூடாது என்று 1602-ல் போப் 8-ம் கிளமென்ட் தடை போட்டார். சாகும் தறுவாயில் பேச்சு நின்றுபோனவர்களின் நிலை என்ன என்று சுவாரஸ் அந்த ஆணைக்கு ஒரு விளக்கம் எழுதப்போக, அதுவே கண்டனத்துக்கு ஆளானது! 1604-ல் ரோமுக்கே போய் வாதாடினார். தீர்ப்பு மாறவில்லை. ஆனால் 1607-ல், பின்னர் வந்த போப் 5-ம் பால் இவரைத் தலைசிறந்த, பக்தியுள்ள ஆசிரியர் என்று புகழ்ந்து கடிதம் அனுப்பினார்! அந்தப் பட்டப்பெயர் 400 ஆண்டுகளாக ஒட்டிக்கொண்டிருக்கிறது!

ஆயிரம் பக்கம் தாண்டிய சட்டக் கடல்!

1612-ல், 64 வயதில், சட்டங்களைப் பற்றிய தன் மாபெரும் நூலைக் கொயிம்ப்ராவில் வெளியிட்டார். மொத்தம் 10 பாகங்கள்! இயற்கைச் சட்டம், மனிதர் போடும் சட்டம், திருச்சபைச் சட்டம், தண்டனைச் சட்டம் எல்லாம் உண்டு. எழுதப்படாத வழக்காற்றுக்குத் தனியாக ஒரு பாகம்! சிலருக்கு மட்டும் தரும் சலுகைகளுக்குத் தனியாக ஒரு பாகம்! சட்டம் எப்போது செத்துப்போகிறது என்பதைக்கூட விடவில்லை! எந்தக் காரணத்துக்காகச் சட்டம் வந்ததோ அந்தக் காரணமே முழுசாக மறைந்துவிட்டால், சட்டமும் தானாக ஓய்ந்துவிடும் என்றார்!

சட்டமா, இல்லையா? 4 கேள்வியில் தெரிந்துவிடும்!

மன்னர் வாயில் வந்ததெல்லாம் சட்டமா? இல்லை என்றார் சுவாரஸ்! ஒரு கட்டளை சட்டம் ஆக வேண்டுமானால் என்னென்ன வேண்டும்? ஒன்று, எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். இரண்டு, நியாயமாக இருக்க வேண்டும். மூன்று, இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று மாறாமல் நிலையாக இருக்க வேண்டும். நான்கு, மக்களுக்குச் சரிவர அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். இதில் நியாயம் இல்லையென்றால், அதற்குச் சட்டம் என்ற பெயரே பொருந்தாது! இன்றைய சட்டக் கல்லூரி மாணவர் படித்தாலும் புதுசாகத்தான் இருக்கிறது, இல்லையா?

மன்னர் போட்ட சட்டம் மன்னரையும் கட்டும்!

சட்டம் மற்றவர்களுக்குத்தான், எனக்கில்லை என்று ராஜா சொல்லலாமா? கூடாது! தான் போட்ட பொதுச் சட்டத்துக்குத் தானும் மனசாட்சிப்படி கட்டுப்பட்டவர்தான் மன்னர் என்று எழுதினார். அவரைப் பிடித்துத் தண்டிக்க மேலே ஒருவர் இல்லாமல் இருக்கலாம். அதற்காகக் கடமை இல்லாமல் போய்விடுமா? எந்தக் காலத்தில் இதைச் சொன்னார் என்று யோசித்துப் பாருங்கள்!

வாளைத் திருப்பிக் கொடுக்கலாமா?

ஒருவர் தன் வாளை உங்களிடம் கொடுத்து வைக்கிறார். கேட்கும்போது திருப்பித் தர வேண்டியது தர்மம். ஆனால் அவர் புத்தி பேதலித்துப்போய், கண் சிவக்க வந்து வாளைக் கேட்கிறார். கொடுப்பீர்களா? கொடுத்தால் யாரோ ஒருவர் தலை போகும்! கிரேக்கத் தத்துவ ஞானி பிளேட்டோ காலத்துப் புதிர் இது. சுவாரஸின் விடை கச்சிதம்: இயற்கைச் சட்டம் மாறவில்லை, நிலைமைதான் மாறியிருக்கிறது. வைத்த பொருளைத் திருப்பித் தா என்ற விதி, இப்படிப்பட்ட நேரத்துக்கு என்றைக்குமே பொருந்தியதில்லை! எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்காதே, சட்டத்தின் உள்நோக்கத்தைப் பார் என்கிறார்!

ஆதாம் ராஜா இல்லை!

முதல் மனிதன் ஆதாம், அவன்தான் முதல் ராஜா, அவன் வழியாகத்தான் எல்லா மன்னர்களுக்கும் அதிகாரம் வந்தது என்று அந்தக் காலத்தில் வாதம் செய்தவர்கள் உண்டு! சுவாரஸ் ஒரே போடாகப் போட்டார். ஆதாமுக்கு இருந்தது குடும்பத் தலைவன் அதிகாரம் மட்டும்தான், நாட்டை ஆளும் அதிகாரம் இல்லை! பிள்ளைகளைப் பெற்றதாலேயே ஒருவர் அவர்களுக்கு அரசன் ஆகிவிட முடியுமா?

அப்படியானால் அதிகாரம் யாருடையது?

இங்கேதான் உச்சக்கட்டம்! இயற்கையில் மனிதர்கள் எல்லாரும் சுதந்திரமாகப் பிறக்கிறார்கள், யாருக்கும் யார் மீதும் ஆளும் உரிமை பிறப்பால் கிடையாது என்றார். மக்கள் மனமொத்து ஒரு சமூகமாகக் கூடும்போதுதான் ஆளும் அதிகாரம் பிறக்கிறது. அது முதலில் இருப்பது அந்தச் சமூகம் முழுவதிடமும்! ஆக, இயற்கையான முதல் ஆட்சிமுறை எது? மக்களாட்சி! அதைச் சமூகம் சம்மதித்து ஒருவர் கையில் ஒப்படைத்தால் அவர் மன்னர். கடவுள் நேரடியாக எந்த ராஜாவுக்கும் கிரீடம் சூட்டுவதில்லை! இதை எழுதியவர் கலகக்காரர் அல்ல, ஜெபமாலையும் கையுமாக இருந்த ஒரு பாதிரியார்!

சொர்க்கத் தோட்டத்திலும் அரசாங்கம் உண்டா?

மனிதன் பாவமே செய்யாமல் ஏதேன் தோட்டத்திலேயே இருந்திருந்தால் அரசாங்கம் தேவைப்பட்டிருக்குமா? இப்படி ஒரு கேள்வியையும் எழுப்பி விடை தேடினார்! தேவைப்பட்டிருக்கும் என்பதே அவர் பதில். எல்லாரும் நல்லவர்களாக இருந்தாலும், சேர்ந்து வாழ வழிகாட்ட ஒருவர் வேண்டுமே! ஆனால் அங்கே போலீஸுக்கும் சிறைக்கும் வேலையில்லை. வழிகாட்டும் அதிகாரம் உண்டு, அடித்துத் திருத்தும் அதிகாரம் இல்லை!

இவரே இப்படியா?

எல்லாரும் சுதந்திரமாகப் பிறந்தவர்கள் என்று சொன்னவர் அடிமை முறையை ஒழிக்கச் சொன்னாரா? சொல்லவில்லை! சுதந்திரம் இயற்கை தந்தது, ஆனால் தக்க காரணம் இருந்தால் மனிதச் சட்டத்தால் அது பறிபோகலாம் என்று ஏற்றுக்கொண்டார். கப்பல் கப்பலாக ஆப்பிரிக்கர்கள் லிஸ்பனில் விற்கப்பட்ட காலம் அது! இவ்வளவு தூரம் பார்த்த கண்ணுக்கு இது தென்படவில்லையே என்று மனம் வலிக்கிறது. அவருடைய முதல் வரியைப் பிடித்துக்கொண்டு மீதித் தூரத்தைப் பிற்காலம்தான் நடக்க வேண்டியிருந்தது!

உலகமே ஒரே குடும்பம், சட்டப்படி!

எத்தனை நாடுகளாகப் பிரிந்திருந்தாலும் மனித இனத்துக்குள் ஓர் ஒற்றுமை எப்போதும் உண்டு என்றார் சுவாரஸ். எந்த நாடும் தனக்குத்தானே முழுசாகப் போதாது! ஒன்றுக்கு ஒன்று உதவி வேண்டும், வியாபாரம் வேண்டும், தூதர்கள் வேண்டும். அதற்கெல்லாம் விதிகள் வேண்டாமா? நாடுகள் தங்களுக்குள் பழகிப் பழகி உண்டாக்கிக்கொண்ட வழக்காறுதான் அந்தச் சட்டம் என்று விளக்கினார். ஐ.நா. சபை பிறப்பதற்கு 333 ஆண்டுகளுக்கு முன்பு வந்த நூலில் இது இருக்கிறது!

போருக்கு 3 பூட்டு!

நினைத்தவுடன் படையெடுக்க முடியுமா? மூன்று பூட்டுகளைத் திறந்தாக வேண்டும்! போர் தொடுப்பவருக்கு முறையான அதிகாரம் இருக்க வேண்டும். நியாயமான காரணம் இருக்க வேண்டும். தொடங்கும்போதும் நடத்தும்போதும், ஏன், ஜெயித்த பிறகும்கூட அளவோடு நடந்துகொள்ள வேண்டும்! ரோமில் மாணவர்களுக்கு நடத்திய இந்தப் பாடம், அவர் இறந்த பிறகு 1621-ல்தான் அச்சானது!

வரிக்கும் கணக்கு உண்டு!

ராஜா கேட்டால் வரி கட்டித்தான் ஆக வேண்டுமா? வரி நியாயமானதாக இருக்க மூன்று விஷயங்களைக் கேட்டார் சுவாரஸ். போடுபவருக்கு அதிகாரம் இருக்கிறதா? பொது நன்மைக்காகத்தானா? சுமை அளவோடு பங்கிடப்பட்டிருக்கிறதா? பட்ஜெட் அன்று டி.வி. முன்னால் உட்காரும்போது இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு கூர்மை என்று புரியும்!

லண்டனில் எரிந்தது!

1605-ல் இங்கிலாந்தின் பார்லிமென்டை வெடிமருந்து வைத்துத் தகர்க்கச் சதி! பிடிபட்டவர்கள் கத்தோலிக்கர்கள். அடுத்த ஆண்டே மன்னர் முதலாம் ஜேம்ஸ், மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று சத்தியம் செய்யும் ஒரு பிரமாணத்தைக் கொண்டுவந்தார். போதாததற்குத் தானே பேனா பிடித்துப் புத்தகமும் எழுதினார்! இந்த மன்னருக்குப் பதில் எழுத யாரைப் பிடித்தார் போப்? நம் சுவாரஸைத்தான்! 1613-ல், 65 வயதில், 6 பாகங்களில் பதில் வந்தது. மன்னர் அதிகாரம் கடவுளிடமிருந்து நேரடியாக வரவில்லை என்று ஜேம்ஸின் முகத்துக்கு நேராகவே எழுதிவிட்டார்! மன்னர் என்ன செய்தார்? அதே ஆண்டில் லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் பக்கத்தில் அந்தப் புத்தகத்தைக் கொளுத்தினார்கள்!

பாரிஸிலும் எரிந்தது!

லண்டன் புரொட்டஸ்டண்ட் ஊர், சரி. பாரிஸ் கத்தோலிக்க ஊர் ஆயிற்றே? அங்கேயும் தப்பவில்லை! 1610-ல்தான் பிரான்ஸ் மன்னர் 4-ம் ஹென்றியைக் கத்தியால் குத்திக் கொன்றிருந்தார்கள். கொடுங்கோலனை எதிர்க்கலாம் என்ற பேச்சே அங்கே நெருப்பு! 1614 ஜூனில் பாரிஸ் உயர் நீதிமன்றம் புத்தகத்தைக் கொளுத்த உத்தரவிட்டது. எதிரெதிர் மதப் பிரிவுகள், ஒரே தீ!

அப்படி என்னதான் எழுதிவிட்டார்?

ராஜாவைக் கொல்லுங்கள் என்றா? இல்லவே இல்லை! முறைப்படி வந்த மன்னர் கொடுமை செய்தாலும், தனி ஆள் யாரும் தன் இஷ்டத்துக்கு அவரைக் கொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். ஆனால் நாடு முழுவதும் ஒன்றுகூடி, தன்னைக் காத்துக்கொள்ள, அவரைப் பதவியிலிருந்து இறக்கலாம்! அதிகாரத்தைக் கொடுத்த சமூகத்துக்கு அந்த அளவுக்கு உரிமை மிச்சம் இருக்கிறது. அரியணைகளைச் சுட்டது இந்த வரிதான்!

கடவுள் இல்லை என்றாலும் தர்மம் உண்டா?

பன்னாட்டுச் சட்டத்தின் தந்தை எனப்படும் ஹாலந்துக்காரர் கிரோஷியஸ், 1625-ல் ஒரு வெடிகுண்டு வீசினார்: கடவுள் இல்லை என்று வைத்துக்கொண்டால்கூட இயற்கைச் சட்டம் செல்லும்! உலகமே அதைப் பேசியது. ஆனால் 13 ஆண்டுகளுக்கு முன்பே சுவாரஸ் இந்தக் கேள்வியை எடுத்து அலசிவிட்டார் தெரியுமா? நல்லது கெட்டது என்பது செயலின் இயல்பிலேயே இருக்கிறது, ஆனால் அதைக் கட்டாயச் சட்டமாக்குவது கடவுளின் ஆணை என்று நடுவழியில் நின்றார்!

சுவாரஸைத் திட்டியவர், திட்டியவருக்குப் பதில் சொன்னவர்!

இங்கிலாந்தில் ராபர்ட் ஃபில்மர் என்பவர், ஆதாம்தான் முதல் ராஜா என்று நிரூபிக்கக் கிளம்பினார். அதற்காக யாரை எடுத்துக்காட்டி மறுத்தார்? சுவாரஸை! ஃபில்மரின் அந்த நூல் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1680-ல் அச்சானது. அந்த ஃபில்மரைக் கிழித்துப் போட ஒருவர் புறப்பட்டார். யார்? ஆங்கிலத் தத்துவ ஞானி ஜான் லாக்! அவருடைய ஆட்சியியல் நூல் 1689-ல் வந்தது, அமெரிக்கப் புரட்சிக்காரர்கள் வரைக்கும் அதைப் படித்தார்கள். சங்கிலி எங்கிருந்து எங்கே போகிறது பார்த்தீர்களா!

நாவல் மாதிரி படித்த சிறுவன்!

கணித மேதை லைப்னிட்ஸ் இளமையில் சுவாரஸின் மெய்யியலை மற்றவர்கள் கதைப் புத்தகம் படிப்பது மாதிரி சுலபமாகப் படித்தாராம்! இத்தாலியத் தத்துவ ஞானி விகோ என்ன செய்தார்? சுவாரஸைப் படிப்பதற்காகவே ஒரு வருஷம் வீட்டில் அடைந்து கிடந்தார்! 1641-ல் பிரெஞ்சுத் தத்துவ ஞானி டெகார்ட்டுக்கு ஒரு சொல் சரியா என்று பார்க்க வேண்டியிருந்தது. கையில் முதலில் அகப்பட்டது யார் புத்தகம்? சுவாரஸ்தான்!

எதிரி முகாமிலும் பாடப் புத்தகம்!

இது எப்படி இருக்கு? கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டுகளும் ஐரோப்பா முழுக்க வெட்டிக்கொண்ட காலம். ஆனால் ஜெர்மனியின் புரொட்டஸ்டண்ட் பல்கலைக்கழகங்களில் மெய்யியலுக்கு ஓர் இயேசு சபைப் பாதிரியாரின் நூல்! ஹாலந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய ஹெரபோர்ட் என்ற பேராசிரியர், மெய்யியலாளர்களுக்கெல்லாம் போப் இவர்தான் என்று பட்டமே சூட்டிவிட்டார்! புரொட்டஸ்டண்ட் வாயிலிருந்து போப் என்று பாராட்டு!

சொந்த நாடே தடை போட்டது!

இங்கிலாந்தும் பிரான்ஸும் கொளுத்தின. ஸ்பெயின்? 1767-ல் மன்னர் 3-ம் கார்லோஸ் இயேசு சபையையே நாட்டைவிட்டு விரட்டினார். மறு ஆண்டே அந்தச் சபை ஆசிரியர்களின் நூல்களை வைத்துப் பாடம் நடத்தத் தடை! ஆனால் அதற்குள் கடல் தாண்டி, தென் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் சுவாரஸின் கருத்துகள் வேர்விட்டிருந்தன. 1808-ல் ஸ்பெயின் மன்னரை நெப்போலியன் பிடித்து வைத்தான். 1810-ல் புவனோஸ் அயர்ஸில் ஒரு வாதம் எழுந்தது: மன்னர் இல்லை, ஆகவே அதிகாரம் மக்களிடமே திரும்பிவிட்டது! எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதா? அந்த வாதத்தின் வேர் தத்துவ ஞானி ரூசோவா, சுவாரஸா என்று வரலாற்றாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்!

சமரசம் பேசப் போன இடத்தில் மரணம்!

ஓய்வு பெற்ற பிறகாவது நிம்மதியாக இருந்தாரா? லிஸ்பனில் அரசு அதிகாரிகளுக்கும் போப்பின் பிரதிநிதிக்கும் பெரிய தகராறு. தீர்த்து வைக்கப் போனவர் அங்கேயே படுத்த படுக்கையானார். 1617 செப்டம்பர் 25 அன்று, 69 வயதில் காலமானார். சாவது இவ்வளவு இனிமை என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே என்பது போலச் சொல்லிக்கொண்டே கண் மூடினாராம்! லிஸ்பனின் சாவோ ரோக்கே ஆலயத்தில்தான் அவர் கல்லறை இருக்கிறது.

இன்னும் திறக்காத புதையல்!

கடைசியாக ஒன்று! அவர் இறந்த பிறகும் புதுப் புத்தகங்கள் வந்துகொண்டே இருந்தன. பால்தசார் ஆல்வரஸ் என்ற போர்ச்சுக்கீசியக் குரு, கையெழுத்துப் படிகளைச் சேர்த்துச் சேர்த்து அச்சுக்குக் கொடுத்தார். 1944-ல் அமெரிக்காவின் கார்னகி அறக்கட்டளை, பன்னாட்டுச் சட்டச் செவ்வியல் நூல் வரிசையில் இவருடைய 3 நூல்களிலிருந்து பகுதிகளைத் தேர்ந்தெடுத்து ஆங்கிலத்தில் வெளியிட்டது. ஆனால் அந்த 28 தொகுதிகளில் பெரும்பகுதி இன்றுவரை ஆங்கிலத்துக்கே வரவில்லை, தெரியுமா? உலகத்தை இவ்வளவு உலுக்கியது நாம் அறிந்த கொஞ்சம் பக்கங்கள்தான்! லத்தீன் படிக்கும் ஆசையுள்ள ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் உடனே சொல்லுங்கள், 400 ஆண்டுகளாகக் காத்திருக்கும் வேலை ஒன்று இருக்கிறது என்று!